கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதே உயிர்காப்பாளரின் முதல் வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கியதும் கடற்கரைகளில் கூட்டம் பெருகுவதும், குளிக்க இறங்கியவர்கள் உயிரிழந்த செய்திகள் நாளிதழ்களில் அடுத்தடுத்து வருவதும் ஆண்டுதோறும் நடக்கின்றன. அந்தச் செய்திகளை ஒட்டி இரண்டு கோரிக்கைகளும் தவறாமல் எழுகின்றன. எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்பது ஒன்று, மீட்புப் படகு வாங்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் தேவையானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு கோடைக்காலம் முழுவதும் கடற்கரையில் உயிர்காப்பாளராகப் பணியாற்றியவன் என்ற முறையில், இவ்விரண்டுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது ஒன்று இருப்பதைத் தங்கள் வாசகர்களுக்கும், கடற்கரைகளைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். முறையான பயிற்சி பெற்ற ஒருவரை, வேறு எந்த வேலையையும் அவர் தலையில் கட்டாமல், குளிப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காக மட்டுமே அமர்த்த வேண்டும் என்பதே அது.

உயிர்காப்பாளர் என்றதும் மிதவையைத் தூக்கிக்கொண்டு மணலில் பாய்ந்தோடும் உருவம்தான் பலருடைய மனத்தில் தோன்றுகிறது. வேலைக்குச் சேரும்போது எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது. ஆனால் பணி நேரத்தின் மிகப் பெரும் பகுதி கண்காணிப்புக் கோபுரத்தில் நின்றபடியோ உட்கார்ந்தபடியோ கடலைப் பார்ப்பதிலேயே கழிகிறது. ஆழத்தை நோக்கி நகரும் சிறுவர்களை விசில் ஊதித் திருப்புவது, பாறை ஓரமாக ஒதுங்குபவர்களைக் கை காட்டி நடுவே அழைப்பது, நீர்மட்டம் இறங்கும்போது கொடிக்கம்பங்களைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவது ஆகியவையே அன்றாடப் பணிகள். கடலுக்குள் பாய்ந்து ஒருவரைத் தூக்கி வரும் நிலை ஏற்பட்டால், அதற்கு முன்பே தடுத்திருக்கக்கூடிய ஒரு கட்டம் கைநழுவிவிட்டது என்றே அனுபவமுள்ள மூத்த உயிர்காப்பாளர்கள் கருதுகிறார்கள். பதிவேட்டில் மீட்புகளுக்கு ஒரு பத்தி இருக்கிறது. விசில் ஒலியைக் கேட்டுத் திரும்பி வந்து, தனக்கு ஆபத்து நெருங்கியிருந்தது என்பதையே அறியாமல் வீடு போய்ச் சேர்ந்தவர்களைக் குறிக்க அதில் இடமில்லை. மேலிடத்துக்குப் போகும் கணக்கில் மீட்புகள் மட்டுமே இடம்பெறுவதால், பார்த்துக்கொண்டிருப்பது வேலையே இல்லை என்ற எண்ணம் நிர்வாகங்களிடமும் பொதுமக்களிடமும் வேரூன்றிவிட்டது.

இந்தப் பார்வைக்குப் பயிற்சி ஏன் தேவை என்று கேட்பவர்கள், நீரில் மூழ்கும் ஒருவர் கரையிலிருந்து எப்படித் தோன்றுவார் என்பதை அறிந்திருக்க வேண்டும். கைகளை உயரத் தூக்கி வீசி, "காப்பாற்றுங்கள்" என்று அலறுவார் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அப்படி அலற முடிகிறவருக்கு இன்னும் மூச்சு மிச்சமிருக்கிறது. அவரும் உதவி தேவைப்படுபவர்தான் என்றாலும், சற்று நேரம் தாக்குப்பிடிப்பார். உண்மையில் மூழ்கிக்கொண்டிருப்பவரிடமிருந்து சத்தமே வருவதில்லை. நியூயார்க் நகரின் ஆர்ச்சர்ட் பீச்சில் உயிர்காப்பாளராகப் பணியாற்றிய ஃபிராங்க் பியா என்பவர், மூழ்கும் நிலையில் இருந்தவர்களைப் படம் பிடித்து, அவர்களுடைய அசைவுகளை நுணுகி ஆராய்ந்தார். மூழ்குபவரின் உடல் நீரில் செங்குத்தாக நிற்கும். கால்கள் உதைப்பதில்லை. கைகள் பக்கவாட்டில் விரிந்து நீரை மேலிருந்து கீழே அழுத்தும். உதவி கேட்டு அசைப்பதற்கு அந்தக் கைகள் அவர் வசத்தில் இருப்பதில்லை. வாய் நீருக்கு மேலே வரும் அந்தச் சிறு இடைவெளியில் மூச்சை விட்டு மறுமூச்சை இழுப்பதற்கே நேரம் போதாது என்னும்போது, குரல் எழுப்ப வழியில்லை. இந்த நிலை 20 விநாடிகளிலிருந்து 60 விநாடிகள் வரையே நீடிக்கும் என்றும், அதன் பிறகு உடல் அமிழ்ந்துவிடும் என்றும் பியா பதிவு செய்திருக்கிறார்.

இதைப் பயிற்சி வகுப்பில் கேட்டபோது எனக்கு முழுமையாக விளங்கவில்லை. ஒரு பிற்பகலில், இடுப்பளவு நீரில் கூட்டமாக நின்றவர்களுக்கு நடுவே, ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தலை மட்டும் மற்றத் தலைகளிலிருந்து மாறுபட்டுத் தெரிந்தது. முகம் கரையை நோக்கி அண்ணாந்திருந்தது. ஈரமுடி நெற்றியிலும் கண்களிலும் படிந்திருந்தது, ஆனால் அவள் அதை விலக்கிக்கொள்ளவில்லை. முகத்தில் விழுந்த முடியை ஒதுக்காத குழந்தையைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும் என்று எங்கள் பயிற்றுநர் வலியுறுத்திச் சொல்லியிருந்தார். அவளுடைய வாய் நீர்மட்டத்தில் திறந்தது, மறைந்தது, மீண்டும் திறந்தது. அலை அரித்த குழி ஒன்றில் கால் இறங்கியதால் அவளுக்குத் தரை எட்டவில்லை. அவளுடைய தந்தை கை நீட்டினால் எட்டும் தொலைவில் நின்று, மூத்த மகனைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிச்சென்று அவளைத் தூக்கி இடுப்பில் சார்த்திக்கொண்ட பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார். அவர் பொறுப்பற்றவர் அல்லர். மகள் கூப்பிடுவாள் என்று நம்பியிருந்தார். குழந்தை அமைதியாக இருக்கும்வரை பத்திரமாக இருக்கிறது என்றே எந்தப் பெற்றோரும் நினைப்பார்கள். தண்ணீரில் அந்த நம்பிக்கை பொய்த்துப்போகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். ஆறு, குளம், கிணறு, கடல் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் 5 வயது நிரம்பாத குழந்தை. அதே ஆண்டில்தான் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூலை 25-ஆம் தேதியை உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது.

ஒரு முகத்தை இத்தனை முகங்களுக்கு நடுவே கண்டுபிடிப்பது தற்செயலாக நடப்பதன்று. நீச்சல் குளங்களுக்கென்று ஒரு நெறி உண்டு: காவலர் தம் பகுதி முழுவதையும் 10 விநாடிகளுக்குள் ஒருமுறை பார்வையால் கடந்துவிட வேண்டும், ஆபத்தில் இருப்பவரை அடுத்த 20 விநாடிகளுக்குள் அடைந்துவிட வேண்டும். கடலில் அலைகளைக் கடந்து 20 விநாடிகளில் ஒருவரை அடைவது பெரும்பாலும் இயலாது. ஓட்டத்தில் இழக்கும் நேரத்தைப் பார்வையில்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே நாங்கள் கடலைப் பட்டைகளாகப் பிரித்துக்கொண்டு, இடமிருந்து வலமாகவும் அருகிலிருந்து தொலைவாகவும் மாற்றி மாற்றிப் பார்ப்போம். ஒரே வரிசையில் பார்த்துக்கொண்டே போனால் கண் திறந்திருந்தாலும் மனம் பதியாமல் போய்விடும். சூரியன் கடலின் பக்கமாகச் சாயும் வேளையில் நீர்ப்பரப்பின் ஒரு பகுதி வெள்ளித் தகடுபோல் கூசத் தொடங்கும். அந்தப் பட்டைக்குள் போகிறவர்கள் அனைவரும் முகமற்ற கரும்புள்ளிகளாகிவிடுவார்கள். அப்போது கோபுரத்தை விட்டு இறங்கி நீரோரமாக நடந்து, ஒளியின் கோணத்தை மாற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். கண் கூச்சத்தைத் தணிக்கும் போலராய்டு கண்ணாடி இந்த வேலையில் அலங்காரப் பொருளன்று. வெயிலும் உப்புக்காற்றும் ஓயாத இரைச்சலும் சேர்ந்து மனிதனின் கவனத்தை எவ்வளவு விரைவில் தேய்த்துவிடும் என்பதை அங்கு நின்று பார்த்தால்தான் உணர முடியும். குறுகிய இடைவெளியில் ஆள் மாற்றிக்கொள்ளும் முறை எல்லாக் கடற்கரைகளிலும் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் சோம்பல் அன்று. களைத்த கண் பார்த்துக்கொண்டிருப்பதும் கண்ணே இல்லாதிருப்பதும் கடலில் மூழ்குகிறவருக்கு ஒன்றுதான்.

இதனோடு சேர்த்துப் பொதுமக்களிடம் ஒரு வேண்டுகோள் விடுக்க விரும்புகிறேன். கோபுரத்தின் அடியில் வந்து நின்று, கழிவறை எங்கே இருக்கிறது, படகுச் சவாரி எத்தனை மணிக்கு, உங்களோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் ஏராளம். நாங்கள் பதில் சொல்வோம், ஆனால் அவர்கள் பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டோம். கடலைப் பார்த்தபடியே பேசும் எங்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று முணுமுணுத்துவிட்டுப் போனவர்களை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். வயதில் மூத்தவர் ஒருவர் பேசும்போது முகம் பார்க்காமல் பதில் சொல்வது எனக்கும் தொடக்கத்தில் மிகவும் கூச்சமாக இருந்தது. நம்மிடையே அது மரியாதைக் குறைவு என்பதை நான் அறியாதவன் அல்லன். ஆயினும், அந்தப் பெரியவரின் பேரக்குழந்தைகளும் அதே நீரில்தான் நிற்கிறார்கள். உயிர்காப்பாளர் உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பேசினால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

இனி, கடலில் மக்களை உண்மையில் ஆபத்துக்கு உள்ளாக்குவது எது என்பதைச் சொல்ல வேண்டும். விபத்துச் செய்திகளில் ராட்சத அலை இழுத்துச் சென்றதாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அலை மனிதனைக் கவிழ்க்கும், புரட்டும், பெரும்பாலும் கரைப்பக்கமே தள்ளும். உள்ளே கொண்டுபோவது அலை அன்று. ரிப் கரண்ட் எனப்படும் இழுப்பு நீரோட்டமே. அடுத்தடுத்து வந்து உடையும் அலைகள் கரைப்பக்கம் நீரைக் குவிக்கின்றன. குவிந்த நீர் திரும்பிச் சென்றாக வேண்டும். நீருக்கடியில் உள்ள மணல்திட்டுகளுக்கு இடையே எங்கு தாழ்வான வாய்க்கால் இருக்கிறதோ, அதன் வழியாக அது ஒன்றுதிரண்டு கடலுக்குள் பாய்கிறது. வலுத்த ஓட்டங்கள் விநாடிக்கு 2 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தை எட்டுகின்றன. ஒலிம்பிக் நீச்சல் வீரர்களாலும் அந்த வேகத்தை எதிர்த்து நீந்திக் கரை சேர முடியாது. அலைகள் உடையும் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் மேற்கொள்ளும் மீட்புகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இந்த நீரோட்டத்தாலேயே நேர்கின்றன என்று அமெரிக்க உயிர்காப்புச் சங்கம் கூறுகிறது.

இதில் மிகக் கொடிய உண்மை என்னவென்றால், அந்த இடம்தான் கடற்கரையிலேயே மிகச் சாந்தமாகத் தோன்றும். வாய்க்கால் ஆழமாக இருப்பதால் அலைகள் அங்கு உடைவதில்லை. இருபுறமும் வெண்நுரை பொங்க, நடுவில் மட்டும் அடர்ந்த நிறத்தில் ஓர் இடைவெளி அமைதியாகக் கிடக்கும். குழந்தைகளை அழைத்து வருகிற பெரியவர்கள், "இங்கே அலை இல்லை, இங்கேயே இறங்கலாம்" என்று சொல்லி நேராக அந்த இடைவெளிக்கே செல்வதை நான் கோடை முழுவதும் பார்த்தேன். அக்கறையோடு தேர்ந்தெடுத்த இடமே ஆபத்தான இடமாக அமைந்துவிடுகிறது. காலையில் பணிக்கு வந்ததும் நாங்கள் செய்யும் முதல் வேலை, கோபுரத்தின் மேல்தட்டிலிருந்து அந்த இடைவெளிகளைத் தேடுவதே. நுரையோ கலங்கிய மணலோ மிதக்கும் பாசியோ ஒரு கோடாகக் கடலை நோக்கிப் போகிறதா, அலைவரிசை எங்கேனும் அறுந்து தெரிகிறதா, நீர்ப்பரப்பு ஓரிடத்தில் மட்டும் சிறுசிறு நெளிவுகளாகக் கலைந்திருக்கிறதா என்று பார்ப்போம். பாறைகளையும், கடலரிப்பைத் தடுக்கக் கல்லால் அமைக்கும் தூண்டில் வளைவுகளையும் ஒட்டி இந்த ஓட்டம் எப்போதும் இருக்கும்; திறந்த மணற்கரையில் புயலுக்குப் பின்னோ நீர்மட்டம் மாறும்போதோ இடம் பெயரும். நேற்று பத்திரமாகக் குளித்த இடம் என்பதால் இன்றும் அங்கே இறங்கலாம் என்று கடலில் முடிவு செய்ய முடியாது. எச்சரிக்கைப் பலகையால் மட்டும் பயன் விளையாது என்று நான் கூறுவதற்கு இதுவே காரணம். பலகை நட்ட இடத்திலேயே நிற்கிறது, ஆபத்து நகர்ந்துவிடுகிறது.

நீரோட்டத்தில் சிக்கிக்கொண்டவர் அறிந்திருக்க வேண்டியவை சிலவே. அது கடலுக்குள் இழுக்கும், ஆனால் நீருக்கு அடியில் இழுக்காது. அலைகள் உடையும் எல்லையைத் தாண்டியதும் அதன் வேகம் தளர்ந்துவிடும். மிதக்கத் தெரிந்தவரை அது கொல்வதில்லை. கரையைப் பார்த்தபடி அதற்கு எதிராக நீந்தி நீந்திக் களைத்துப்போவதுதான் உயிரைப் பறிக்கிறது. ஆகவே எதிர்த்து நீந்தாமல், மல்லாந்து, காதுகள் நீரில் அமிழும்படி தலையைப் பின்னால் சாய்த்து, கைகால்களை மெல்ல அசைத்துக்கொண்டு மிதக்க வேண்டும். மூச்சு சீரானதும் ஒரு கையை உயர்த்திக் காட்ட வேண்டும். நீந்த வலுவிருந்தால் கரைக்கு இணையாக, நுரை பொங்கும் பக்கமாக நகர வேண்டும். அலை உடைகிற இடத்தில் ஆழம் குறைவு என்பதால், அஞ்சி ஒதுங்கிய அந்த நுரையே இப்போது கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வழியாகிறது.

கொடிகளின் பொருளை அறிந்தவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு வியப்பளித்தது. மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமாக உள்ள கொடிகள் இரண்டு நடப்பட்டிருந்தால், அவற்றின் இடைப்பட்ட பகுதியே காவலர்களின் நேரடிக் கண்காணிப்பில் உள்ள குளிக்குமிடம். அங்கே ஓட்டம் இல்லை என்று பார்த்து உறுதி செய்த பிறகே அவை நடப்படுகின்றன. முழுச் சிவப்புக் கொடி ஏறியிருந்தால் நீரில் இறங்கக் கூடாது. கருப்பும் வெள்ளையும் கட்டமிட்ட கொடி அலைச்சறுக்குப் பலகைகளுக்கான பகுதியைக் காட்டுவது. குளிப்பவர்கள் விலகியிருக்க வேண்டும். கம்பத்தில் கட்டிய ஆரஞ்சு நிறத் துணிக் காற்றுப்பை பறந்தால் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது என்று பொருள். அன்றைக்குக் கடல் குளம்போல் சமனாக இருக்கும். காற்றடைத்த மெத்தையிலும் வளையத்திலும் குழந்தைகளை உட்கார வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். அன்றைக்குத்தான் அவற்றை நீரிலேயே இறக்கக் கூடாது. சில நிமிடங்களில் அந்த மெத்தை எட்ட முடியாத தொலைவுக்குப் போய்விடுகிறது. அதைப் பிடிக்கப் பின்னால் நீந்துகிற தந்தையோ அண்ணனோதான் பெரும்பாலும் முதலில் ஆபத்துக்கு உள்ளாகிறார்.

பார்ப்பதற்கு ஆள் இருந்தால் என்ன மாறும் என்று ஐயுறுபவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் பாண்டை கடற்கரை நல்ல சான்று. 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அங்கே பேரலைகள் அடுத்தடுத்து வந்து விழ, திரும்பிப் பாய்ந்த நீர் மணல்திட்டில் நின்றிருந்த சுமார் 250 பேரை ஆழத்துக்குள் இழுத்துச் சென்றது. போட்டி ஒன்றுக்காகப் பயிற்சி பெற்ற மீட்பர்கள் பலர் அப்போது கரையிலேயே கூடியிருந்தார்கள். கையில் கிடைத்த மிதவைகளோடும் கயிறுகளோடும் அவர்கள் கடலில் இறங்கி, ஏறக்குறைய அனைவரையும் கரை சேர்த்தார்கள். இறந்தவர்கள் 5 பேர். ஐந்து உயிர்களின் இழப்பு சிறிதன்று. ஆனால் அந்த நேரத்தில் கரை வெறிச்சோடியிருந்தால் எண்ணிக்கை எங்கே போயிருக்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம். இன்னொரு கணக்கையும் கூறுகிறேன்: தன்னோடு இணைந்த காவலர்கள் கண்காணிக்கும் கடற்கரைக்கு வரும் ஒருவர் அங்கே மூழ்கி இறப்பதற்கான வாய்ப்பு 1 கோடியே 80 லட்சத்தில் ஒன்று என்று அமெரிக்க உயிர்காப்புச் சங்கம் மதிப்பிட்டிருக்கிறது.

இந்தப் பணிக்கு உடல்வலிமை தேவையில்லை என்று நான் கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். பிரிட்டனில் கடற்கரைக் காவலுக்கு ஆள் எடுக்கும் ஆர்.என்.எல்.ஐ. என்ற அறக்கட்டளை, குளத்தில் 400 மீட்டரை ஏழரை நிமிடங்களுக்குள் நீந்த வேண்டும் என்றும், கடற்கரையில் 200 மீட்டரை 40 விநாடிகளுக்குள் ஓட வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறது. மணலில் ஓடிப் பார்த்தவர்களுக்கு அது எத்தகைய வேகம் என்று புரியும். அந்த வலிமையோடு அடக்கமும் வேண்டும். மூழ்குபவர் கைக்குக் கிடைத்ததைப் பற்றி மேலே ஏறுவார். அது மீட்க வந்தவரின் தோளாகவும் கழுத்தாகவும் இருக்கலாம். அதனால்தான் நாங்கள் எப்போதும் மிதவையை முன்னால் நீட்டி, எங்களுக்கும் அவருக்கும் நடுவே அதை வைத்த பிறகே நெருங்குவோம். மகனைக் காப்பாற்றக் குதித்த தாய், நண்பனைக் காப்பாற்றக் குதித்த நண்பர்கள் என்று ஒருவர் பின் ஒருவராக இறந்த செய்திகளைத் தங்கள் இதழிலும் படித்திருக்கிறேன். அன்பினால் உந்தப்பட்டு வெறுங்கையோடு இறங்குவதைவிட, மிதக்கக்கூடிய எதையேனும் எறிவதும், கயிற்றையோ கழியையோ நீட்டுவதும், உதவிக்குக் குரல் கொடுப்பதும் அந்த உயிருக்குக் கூடுதலான வாய்ப்பைத் தரும்.

கரை சேர்த்த பிறகு செய்ய வேண்டியதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மூழ்கியவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. மூழ்கியவருக்கு இதயம் நிற்பது மூச்சு தடைப்பட்டதால்தான். அவருக்குத் தேவை காற்று. அவர் மூச்சுவிடவில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்துச் செயற்கை சுவாசம் கொடுத்து, பிறகு நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற கணக்கில் மார்பின் நடுவே அழுத்தி, 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு என்று தொடர வேண்டும். வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது வாந்தியாக வந்து மூச்சுக்குழாயை அடைக்கும். பொன்னான நிமிடங்களும் வீணாகும். நினைவு திரும்பி எழுந்து உட்கார்ந்தவரையும், நுரையீரலுக்குள் நீர் போயிருந்தால், மருத்துவமனைக்கு அனுப்பாமல் விடக் கூடாது.

இவ்வளவு பொறுப்பு வாய்ந்த பணியைக் கோடைக்கான கூலி வேலையாகவே நிர்வாகங்கள் நடத்துகின்றன என்பதுதான் என் மனத்தாங்கல். நான் இருந்த இடத்தில், காவல் நேரத்திலேயே குப்பை பொறுக்குவதற்கும், வாகனங்களை ஒழுங்குபடுத்துவதற்கும், முக்கியப் பிரமுகர் வருகையின்போது நாற்காலி போடுவதற்கும் எங்களை அழைத்தார்கள். சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதே அவர்கள் சொன்ன காரணம். எவ்வேலையும் இழிவானதன்று, மணலைச் சுத்தம் செய்ய நான் ஒருபோதும் தயங்கியதில்லை. ஆனால் அதைச் செய்துகொண்டிருக்கும் நேரத்தில் கடலைப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு எனக்குக் கடைசிவரை விடை கிடைக்கவில்லை. இருவர் நிற்க வேண்டிய கோபுரத்தில் ஒருவரை நிறுத்துவதும் இதே போன்றதே. அந்த ஒருவர் மீட்புக்காக நீரில் இறங்கிய கணமே, கரையில் மிச்சமிருக்கும் அத்தனை பேரும் காவலின்றி விடப்படுகிறார்கள்.

பருவம் முடிந்ததும் கோபுரங்கள் பூட்டப்பட்டு, பயிற்சி பெற்ற இளைஞர்கள் கலைந்து சென்றுவிடுகிறார்கள். கடல் மட்டும் விடுமுறை எடுப்பதில்லை. மாலையில் பணி நேரம் முடிந்து கொடிகளை இறக்கும்போதுகூட, வெயில் தாழ்ந்தது என்று அப்போதுதான் குடும்பத்தோடு நீரில் இறங்குகிறவர்களைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போக எங்களில் யாருக்கும் மனம் வந்ததில்லை. சம்பளமில்லாத அந்த நேரத்தில் சக காவலர்கள் தாமாகவே நின்று பார்த்துக்கொண்டதை நான் நன்றியோடு நினைவுகூர்கிறேன். ஆனால் மக்களின் உயிர்ப்பாதுகாப்பு அவ்வாறு ஒருவரின் நல்ல மனத்தை நம்பி இருக்கக் கூடாது. கூட்டம் எந்த நேரம் வரை வருகிறதோ அந்த நேரம் வரை காவல் இருக்க வேண்டும். ஒரு பருவம் பணியாற்றியவர்களை அடுத்த பருவத்துக்கும் அழைத்துக்கொள்ளும் ஏற்பாடும் வேண்டும். ஒரு கரையின் மணல்திட்டுகளும் ஓட்டங்களும் எப்படி நகர்கின்றன என்பதைக் கண்டறிய ஒருவருக்கு ஒரு கோடை முழுவதும் ஆகிறது. அதை அறிந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறு ஆண்டு புதியவரைக் கொண்டு முதலிலிருந்து தொடங்குவது வீண்.

கோடையில் இந்தப் பணிக்கு வர விரும்பும் மாணவர்கள் எனக்குத் தெரிந்தவர்களிலேயே சிலர் இருக்கிறார்கள். நீச்சலில் பதக்கம் வாங்கியிருப்பது நல்ல தகுதிதான். அதைவிடப் பெரிய தகுதி, நெடுநேரம் எதுவும் நடக்காத இடத்தில் சலிப்படையாமல் விழித்திருப்பது. கைப்பேசியை எட்டு மணி நேரம் பையில் வைத்துவிட்டு இருக்க முடியுமா என்று வீட்டிலேயே ஒருநாள் சோதித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். தோல் கறுக்கும், தொண்டை கட்டும், பல நாள்களில் நன்றி என்ற சொல்லே காதில் விழாது. இருந்தாலும், மாலையில் கடைசிக் குடும்பம் ஈரத் துணிகளைப் பிழிந்து எடுத்துக்கொண்டு, குழந்தைகளை எண்ணிப் பார்த்து அழைத்துப் போவதைக் காணும்போது கிடைக்கும் நிறைவு வேறெந்த வேலையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

தங்களிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. கடலில் மூழ்கி ஒருவர் இறந்த செய்தியை வெளியிடும்போது, இறந்தவரின் வயதையும் ஊரையும் மட்டும் தெரிவிக்காமல், அந்த நேரத்தில் அங்கே உயிர்காப்பாளர் பணியில் இருந்தாரா, எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தார்கள், எந்தக் கொடி ஏற்றப்பட்டிருந்தது, சம்பவம் கொடிகளுக்கு உள்ளே நடந்ததா வெளியே நடந்ததா என்பதையும் தங்கள் நிருபர்கள் கேட்டு எழுத வேண்டும். இந்தக் கேள்விகள் தொடர்ந்து அச்சில் வந்தால், காலியாகக் கிடக்கும் கோபுரங்களுக்கு ஆள் போடும் கட்டாயம் பொறுப்பில் உள்ளவர்களுக்கு ஏற்படும். கோடை விடுமுறை முடியும்வரை வானிலைச் செய்தியின் அருகில் அன்றைய அலையின் உயரத்தையும், காற்றின் திசையையும், காவல் நேரத்தையும் நான்கு வரிகளில் வெளியிட இடம் ஒதுக்கினால், காலையில் நாளிதழைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குக் கிளம்பும் குடும்பங்களுக்கு அது பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகரான ஒரு கோடைக்கால உயிர்காப்பாளர்